அடிக்கு முந்தைய தயக்கம்: தற்காப்புப் பயிற்சியில் மனமும் உடலும்

தற்காப்பு குறித்த நூல்களிலும் வகுப்புகளிலும் பெரும்பங்கு இடத்தைப் பிடித்துக்கொள்பவை குத்து, உதை, பிடியிலிருந்து விடுபடுதல் ஆகிய உடல் நுட்பங்களே. இவை வேண்டியவைதாம். ஆயினும் கடந்த நூறாண்டுகளில் உடலியலும் உளவியலும் திரட்டித் தந்துள்ள சான்றுகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, தாக்கப்படுபவரின் கதியைத் தீர்மானிப்பதில் இந்த நுட்பங்களுக்கும் முன்னதாக ஒன்று நிற்பது புலப்படுகிறது. ஆபத்து நெருங்குவதை மனம் உணரும் கணத்துக்கும் உடல் ஏதேனும் செய்யத் தொடங்கும் கணத்துக்கும் இடையே விழுகிற தயக்கமே அது. அத்தயக்கம் சில வேளைகளில் அரை நொடி நீடிக்கலாம். தாக்குபவர் தெரிந்த மனிதராக இருக்கும்போது பல மணி நேரம்கூட நீடிக்கலாம். அதைக் குறைப்பதே பயிற்சியின் முதல் வேலை என்றும், அந்த வேலையைச் செய்யாத பயிற்சி எத்தனை நுட்பங்களைக் கற்பித்தாலும் குறையுடையதே என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

ஆயத்தமாக இருத்தல் என்பதை எந்நேரமும் விழிப்பாக இருத்தல் என்று புரிந்துகொள்வது வழக்கம். அது மனித மூளைக்கு இயலாத காரியம். இரண்டாம் உலகப் போரில் கடல்மேல் பறந்து நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிய பிரிட்டிஷ் விமானங்களில், ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நேரம் செல்லச் செல்லத் திரையில் தோன்றும் புள்ளிகளைத் தவறவிட்டார்கள். காரணத்தை ஆராய முனைந்த நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் இதற்கென ஒரு கடிகாரத்தை வடிவமைத்தார்: எண்களற்ற வெறும் முகப்பு, நொடிக்கு ஒரு படி நகரும் முள், எப்போதாவது ஒருமுறை அந்த முள் இரண்டு படிகளை ஒன்றாகத் தாண்டும். அந்தத் தாண்டலைக் கண்டதும் தெரிவிப்பதைத் தவிர அமர்ந்திருப்பவருக்கு வேறு வேலை கிடையாது. இரண்டு மணி நேரம் நீண்ட இச்சோதனையில் முதல் அரை மணி கழிந்ததுமே தவறுகள் தெளிவாகக் கூடிவிட்டதை 1948இல் அவர் வெளியிட்ட முடிவுகள் காட்டின. பயிற்சி பெற்ற, உடல்நலம் மிக்க, நல்ல ஊக்கத்தோடு அமர்ந்த இளைஞர்களுக்கே இந்நிலை என்றால், அலுவலகம் முடிந்து களைத்து வீடு திரும்பும் ஒருவரிடம் இடைவிடாத விழிப்பை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

கவனம் சோர்வது ஒருபுறமிருக்க, வேறொன்றில் ஆழ்ந்திருக்கும் கவனம் கண்முன் இருப்பதையே மறைத்துவிடும் என்பதை டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் ஆகியோர் 1999இல் நிகழ்த்திய புகழ்பெற்ற சோதனை நிறுவியது. கூடைப்பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணுமாறு கேட்கப்பட்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர், அந்தக் கூட்டத்தின் நடுவே கொரில்லா உடையில் ஒருவர் வந்து நின்று மார்பைத் தட்டிவிட்டுப் போனதைக் காணவேயில்லை. நடந்துகொண்டே கைப்பேசித் திரையில் மூழ்கியிருப்பவருக்கு இதைவிடக் கூர்மையான எச்சரிக்கை தேவையில்லை.

எனவே பயிற்சியின் இலக்கு, விழிப்பை எப்போது தளர்த்தலாம், எப்போது உயர்த்த வேண்டும் என்று அறிவதாக அமைகிறது. அமெரிக்க மரைன் படையின் முன்னாள் அதிகாரியும் துப்பாக்கிப் பயிற்சியாளருமான ஜெஃப் கூப்பர் பரப்பிய வண்ணக் குறியீடு இவ்வகையில் பயனுள்ளது. வெள்ளை என்பது சுற்றுப்புறம் பற்றிய நினைவே அற்ற நிலை. மஞ்சள் என்பது குறிப்பிட்ட ஆபத்து எதுவும் தென்படாதபோதும் தளர்வாகச் சுற்றிலும் பார்த்திருக்கும் நிலை. ஆரஞ்சு என்பது ஒரு குறிப்பிட்ட மனிதரோ அசைவோ சந்தேகத்தைத் தூண்டியதும் கவனம் அதன்மேல் குவியும் நிலை. சிவப்பு என்பது இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று மனம் முடிவெடுத்துவிட்ட நிலை. இந்த வண்ணங்கள் வெளியே உள்ள ஆபத்தின் அளவைக் குறிப்பவை அல்ல, உள்ளத்தின் ஆயத்தத்தைக் குறிப்பவை என்பதைக் கூப்பர் வலியுறுத்தினார். இடம் மாறும் தருணங்களில், அதாவது பேருந்தைவிட்டு இறங்கும்போது, ஏடிஎம் அறையிலிருந்து வெளிவரும்போது, வாகன நிறுத்துமிடத்தில் சாவியைத் தேடும்போது, மின்தூக்கியின் கதவு திறக்கும்போது சில விநாடிகள் தலையை நிமிர்த்திச் சுற்றிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால், நாள் முழுவதும் மனத்தை வதைக்காமலே விழிப்பின் பயன் பெரிதும் கிடைத்துவிடும். வீட்டிலும் நண்பர்களிடையிலும் வெள்ளை நிலைக்குத் திரும்பும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. அந்த ஓய்வு இல்லாத மனம் அஞ்சவேண்டிய இடத்திலும் மரத்துப்போய்விடும்.

விழிப்பு தன் வேலையைச் செய்து, ஆபத்து கண்ணில் பட்டுவிட்டது என்றே கொள்வோம். அடுத்த தடை உடலுக்குள் இருந்து எழுகிறது. ஹார்வர்டு உடலியலாளர் வால்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில், அச்சமும் சினமும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டி உடலைப் போரிடவோ தப்பியோடவோ தயார்ப்படுத்தும் விதத்தை விளக்கினார். இதயம் விரைகிறது, ஈரலிலிருந்து சர்க்கரை இரத்தத்தில் கலக்கிறது, தோலிலிருந்தும் குடலிலிருந்தும் இரத்தம் விலகிப் பெரிய தசைகளை நோக்கிப் பாய்கிறது. ஓடுவதற்கும் தள்ளுவதற்கும் இது பெருந்துணை. ஆனால் விரல்கள் குளிர்ந்து நடுங்குவதால் நுண்ணிய வேலைகள் கெடுகின்றன. பூட்டிய கைப்பேசியைத் திறந்து 112 என்ற அவசர எண்ணை அழுத்துவது, அமைதியான அறையில் எளிதாகவும், நடுங்கும் விரல்களுக்கு மிகக் கடினமாகவும் இருக்கும். அவசர அழைப்புக்கான குறுக்குவழி தம் கைப்பேசியில் எந்தப் பொத்தானில் உள்ளது என்பதைத் தேடித் தெரிந்துகொண்டு, திரையைப் பார்க்காமல் அதை இயக்கிப் பழகாதவர், அந்தக் கருவி கையில் இருந்தும் இல்லாதவரே.

அச்சத்தின்போது காலம் மெல்ல நகர்வதாகப் பலர் கூறுவதுண்டு. அப்படியாயின் சிந்திக்கக் கூடுதல் நேரம் கிடைக்குமே என்று தோன்றலாம். டேவிட் ஈகிள்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையைத் தகர்த்தது. 31 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விரிக்கப்பட்ட வலையில் மல்லாந்து விழுந்தவர்கள், தாம் விழுந்த நேரத்தை உண்மையைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு நீண்டதாக மதிப்பிட்டார்கள். ஆனால் விழும்போது அவர்களுடைய மணிக்கட்டில் வேகமாக ஒளிர்ந்து மறைந்த எண்களை வழக்கத்தைவிட நுட்பமாகப் படிக்க அவர்களால் இயலவில்லை. காலம் நீண்டது நினைவில் மட்டுமே. ஆபத்தின் நடுவில் திட்டம் தீட்ட அவகாசம் கிடைக்காது என்பதை இதைவிடத் தெளிவாக வேறொன்று சொல்லாது.

போரிடுதல், தப்பியோடுதல் ஆகிய இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்றும் உண்டு. கொடிய அச்சத்தில், தப்ப வழியில்லை என்று உடல் உணரும்போது, கைகால்கள் அசையாமலும் குரல் எழும்பாமலும் உறைந்துபோகும் இந்நிலையை ஆய்வாளர்கள் தன்னிச்சையற்ற உறைவு என்று அழைக்கின்றனர். விலங்குகளிடம் நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று இது. சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் பாலியல் வன்முறைக்குள்ளான பெண்களுக்கான அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், 70 சதவீதத்தினர் குறிப்பிடத்தக்க உறைவையும் 48 சதவீதத்தினர் மிகக் கடுமையான உறைவையும் அனுபவித்ததாகத் தெரிவித்தனர். அதாவது உறைந்துபோவது விதிவிலக்கு அன்று, பெரும்பாலோருக்கு நேர்வது. "ஏன் கத்தவில்லை, ஏன் தள்ளிவிடவில்லை" என்று கேட்கும் காவலரும் வழக்குரைஞரும் உறவினரும் இந்த எண்களை மனத்தில் இருத்த வேண்டும்.

இந்தியச் சட்டம் இதைப் புரிந்துகொள்ள நீண்ட காலம் பிடித்தது. உடலில் எதிர்ப்பின் தடயங்கள் இல்லை என்பதைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டி, காவல் நிலையத்திலேயே நடந்த ஒரு கொடுமையின் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களை உச்ச நீதிமன்றம் 1978இல் விடுவித்தது. துக்காராம் வழக்கு என்று அறியப்படும் அத்தீர்ப்பு நாடெங்கும் எழுப்பிய கொந்தளிப்பு 1983ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்கு வழிவகுத்தது. உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டுமே கொண்டு இசைவு இருந்ததாகக் கருதக்கூடாது என்ற தெளிவான விளக்கம் 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்து, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவில் தொடர்கிறது. தற்காப்புப் பயிற்சியைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் இதை ஏற்றுக்கொண்டே தொடங்க வேண்டும்: பயிற்சி தப்பிக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது; பயிற்சி இல்லாமை எவரையும் குற்றத்துக்குப் பொறுப்பாளி ஆக்குவதில்லை.

பயிற்சியால் தயக்கத்தைக் குறைக்க முடியுமா? வரலாறு தரும் விடை ஊக்கமளிக்கிறது. லண்டனில் ஜப்பானிய ஜுஜுட்ஸு கலையைக் கற்று ஆசிரியராக உயர்ந்த ஈடித் கேரட் என்ற பெண்மணி ஐந்து அடி உயரம்கூட இல்லாதவர். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர்களுக்கு அவர் 1909 முதல் பயிற்சி அளித்தார். 1910 நவம்பர் 18 அன்று நாடாளுமன்றத்துக்கு முன் திரண்ட பெண்களைக் காவலர்களும் கூட்டத்தினரும் மணிக்கணக்கில் தாக்கியது இப்பயிற்சியின் தேவையை வெளிப்படையாக்கியது. உண்ணாவிரதம் இருந்து நலிந்த கைதிகளை விடுவித்து, தேறியதும் மீண்டும் சிறைபிடிக்க வகைசெய்த 1913ஆம் ஆண்டின் சட்டம் வந்தபின், அவ்வியக்கத்தின் தலைவி எம்மலின் பாங்க்கர்ஸ்ட் அம்மையாரைக் காக்க ஏறத்தாழ முப்பது பெண்கள் கொண்ட மெய்க்காவல் படை உருவாயிற்று. அப்பெண்கள் உடைக்குள் மறைத்து எடுத்துச்சென்ற ஆயுதம், இந்தியாவில் பிரிட்டிஷ் படையினர் கண்டு தம் நாட்டு உடற்பயிற்சிக் கூடங்களுக்குக் கொண்டுபோன கட்டை. தமிழகத்தில் கரலாக்கட்டை என வழங்குவதும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். இப்படையின் வெற்றிகளுள் பல, அடிதடி இல்லாமல், தலைவியைப் போல் உடுத்திய வேறொருவரை முன்னால் அனுப்பிக் காவலரைத் திசைதிருப்பியதால் கிடைத்தவை என்பது கவனிக்கத்தக்கது. முன்கூட்டியே எண்ணி வைத்ததுதான் அவர்களுடைய பலம்.

ஷாங்காய் நகரக் காவல்துறையில் பணியாற்றிய வில்லியம் ஃபேர்பேர்ன் இதே உண்மையை வேறு வழியில் கண்டடைந்தார். ஜூடோவும் சீனப் போர்க்கலைகளும் கற்றவரான அவர், தெருச்சண்டையில் பயன்பட்டவை மிகச் சில எளிய அசைவுகளே என்று கண்டு, பெரிய தசைகளால் செய்யக்கூடிய அந்தச் சிலவற்றை மட்டும் தம் காவலருக்குக் கற்பித்தார். 1942இல் பெண்களுக்கென்றே ஒரு சிறு நூலும் எழுதினார். எதிர்பாராத மூலையிலிருந்து ஆபத்து எழும்படி அமைக்கப்பட்ட இருட்டுக் கட்டடங்களுக்குள் காவலரை அனுப்பிப் பழக்குவதும் அவருடைய முறை. அவருடைய உள்ளுணர்வுக்குப் பின்னாளில் அறிவியல் ஆதரவு கிடைத்தது. தேர்ந்தெடுக்க வேண்டிய வழிகள் கூடக்கூட எதிர்வினைக்கு ஆகும் நேரமும் கூடுகிறது என்று 1952இல் வில்லியம் ஹிக் காட்டினார். நாற்பது பிடிகள் கற்றவர், எதைப் பயன்படுத்துவது என்று தேர்வதற்குள் அந்த நொடியை இழந்துவிடக்கூடும். நான்கை ஆயிரம் முறை செய்தவருக்கு அந்த இழப்பு குறைவு.

எனினும் ஆயிரம் முறை செய்வதும், எந்தச் சூழலில் செய்தார் என்பதைப் பொறுத்தே பயன் தருகிறது. நெதர்லாந்தில் ரவுல் ஔடெயான்ஸ் காவலர்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் அட்டை இலக்குகளைச் சுட்டுப் பழகினர். மற்றொரு குழுவினர், வண்ணச் சோப்பு நிரப்பிய தோட்டாக்களால் திருப்பிச் சுடும் உயிருள்ள எதிராளியை நோக்கிச் சுட்டுப் பழகினர். பயிற்சிக்குப்பின் இரு குழுவினரையும் நெருக்கடியில் சோதித்தபோது, அட்டையில் பழகியவர்களின் குறி முன்போலவே சரிந்தது. திருப்பிச் சுடும் எதிராளியிடம் பழகியவர்களின் குறி நிலைத்தது. அச்சத்தில் செயல்பட வேண்டியதை அச்சத்திலேயே பழக வேண்டும் என்பது இதன் பொருள்.

அமெரிக்காவில் 1970களில் பெண்களுக்கெனத் தோன்றிய 'மாடல் மக்கிங்' என்ற பயிற்சி இதைத்தான் செய்தது. ஆண் பயிற்சியாளர் ஒருவர் தலை முதல் கால் வரை தடித்த பஞ்சுக் கவசம் அணிகிறார். தலைக்கவசம் மட்டுமே ஒரு பெரிய கூடையளவு இருக்கும். அவர் பின்னாலிருந்து பிடிக்கிறார், கீழே தள்ளுகிறார், இழிவாகப் பேசுகிறார். பயிற்சி பெறும் பெண் முழு வலுவோடு முழங்காலாலும் முழங்கையாலும் குதிகாலாலும் அடிக்கிறார். உண்மையில் மனிதர் மயங்கியிருப்பார் என்று கருதத்தக்க அடி விழும்வரை பயிற்சியாளர் நிறுத்துவதில்லை. சுற்றி நிற்கும் சக மாணவியர் ஒவ்வோர் அடியையும் உரக்கக் கூவிச் சொல்கின்றனர். முதல் முறை பலருக்குக் குரலே எழுவதில்லை என்பதால், 'வேண்டாம்' என்று அடிவயிற்றிலிருந்து கத்துவதே முதற்பாடம். கத்தும்போது அடைபட்ட மூச்சு வெளியேறுவதால் உறைந்த உடல் அசையத் தொடங்குகிறது. எலிசபெத் ஓசர், ஆல்பர்ட் பண்டூரா ஆகியோர் இப்பயிற்சி பெற்ற 43 பெண்களை ஆராய்ந்து 1990இல் எழுதிய கட்டுரையில், தம்மால் எதிர்கொள்ள முடியும் என்ற நம்பிக்கை உயர்ந்ததோடு, ஆபத்தானதையும் ஆபத்தற்றதையும் பிரித்தறியும் திறனும் கூடி, அச்சத்தால் தவிர்த்துவந்த இடங்களுக்கும் வேலைகளுக்கும் அவர்கள் துணிந்து செல்லத் தொடங்கியதாகப் பதிவுசெய்தனர். பயிற்சி பெற்றவர்கள் எல்லாவற்றையும் சந்தேகிப்பவர்களாக மாறிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு இது தக்க மறுமொழி.

உடல்வலுவைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். இருநூறு மீட்டர் வேகமாக ஓடவும், கீழே விழுந்தால் கைகளை ஊன்றி எழவும், தன் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்குத் தடுமாறாமல் மாற்றவும் இயலும் உடலே தற்காப்புக்குப் போதுமான உடல். குமரி மாவட்டத்து அடிமுறையின் சுவடு வைப்புகளும் சிலம்பத்தின் காலடிகளும் எதிராளியோடு உள்ள தொலைவை அளந்து நகரும் பழக்கத்தை ஆழமாகப் பதியவைப்பவை. அந்த வகையில் அவற்றின் மதிப்பு பெரிது. ஆனால் மரபுவழி ஆசான்கள் அவற்றோடு, எதிர்பாராமல் பிடிக்கப்படும் அதிர்ச்சியையும் மாணவருக்குப் பழக்கினால்தான் அவை தெருவுக்கு உதவும்.

இதுவரை சொன்னவை எல்லாம் அந்நியர் தாக்கும் சூழலையே பெரிதும் கருதியவை. தயக்கத்தின் மிகக் கடினமான வடிவம் வேறிடத்தில் இருக்கிறது. இந்தியாவில் பதிவாகும் பாலியல் வன்முறை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டிவருகின்றன. உறவினர், அண்டைவீட்டார், மேலதிகாரி, காதலர், ஆசிரியர் எனத் தெரிந்த ஒருவர் எல்லை மீறும்போது, 'இவரா அப்படி?' என்ற நம்பமுடியாமையும், 'தவறாக எடுத்துக்கொண்டேனோ?' என்ற ஐயமும், 'நான்கு பேர் என்ன சொல்வார்கள்?' என்ற கூச்சமும் சேர்ந்து கையைக் கட்டிப்போடுகின்றன. இருட்டுச் சந்தில் வரும் முகமறியாத திருடனுக்காக மட்டும் பழகிய உடல் இங்கே பயன்படாமல் நிற்கிறது.

கனடாவில் சார்லீன் சென் தலைமையில் உருவான திட்டம் இந்த முடிச்சைத்தான் அவிழ்க்க முனைந்தது. மதிப்பிடு, ஒப்புக்கொள், செயல்படு என்ற மூன்று படிகளைக் கொண்ட இத்திட்டம், மூன்று மணி நேர வகுப்புகள் நான்காக, மொத்தம் 12 மணி நேரம் நடத்தப்படுகிறது. முதல் வகுப்பு, தெரிந்த ஆணிடம் வெளிப்படும் ஆபத்தின் அறிகுறிகளை மதிப்பிடக் கற்றுத்தருகிறது: தனிமைப்படுத்துதல், மறுப்பைச் செவிமடுக்காமை, குடிக்க வற்புறுத்துதல் போன்றவை. இரண்டாவது, அந்த ஆபத்தை ஆபத்து என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்வதைத் தடுக்கும் மனத்தடைகளைப் பேசித் தீர்க்கிறது. மூன்றாவது, வாய்ச்சொல்லாலும் உடலாலும் எதிர்க்கும் முறைகளைப் பழக்குகிறது. நான்காவது, பாலுறவு குறித்துத் தன் விருப்பம் எது என்று அறிந்து சொல்லும் துணிவை வளர்க்கிறது. விண்ட்சர், குவெல்ஃப், கால்கரி ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவியர் 893 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு இப்பயிற்சியும் மற்றொரு பகுதியினருக்கு வழக்கமான துண்டறிக்கைகளும் தரப்பட்டன. ஓராண்டுக்குப்பின், துண்டறிக்கை பெற்றவர்களில் 9.8 சதவீதத்தினரும் பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதத்தினரும் வன்புணர்வுக்கு உள்ளாகியிருந்தனர். முயற்சியோடு நின்ற சம்பவங்கள் முறையே 9.3, 3.4 சதவீதம். 22 பெண்கள் பயிற்சி பெற்றால் ஓராண்டில் ஒரு வன்புணர்வு தடுக்கப்படும் என்று 2015இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான அக்கட்டுரை கணக்கிட்டது. பயன் இரண்டாண்டுகள் வரை தொடர்ந்ததையும், நடந்த கொடுமைக்குப் பெண்களையே பழிக்கும் எண்ணம் குறைந்ததையும் 2017இல் வந்த தொடராய்வு காட்டியது.

பன்னிரண்டு மணி நேரத்தில் அடிக்கவும் உதைக்கவும் கற்பதற்குச் செலவானது ஒரு சிறுபகுதி மட்டுமே. மீதி நேரமெல்லாம் மனத்தின் தயக்கத்தோடு மல்லுக்கட்டியதில் கழிந்தது. முயற்சியோடு நின்ற சம்பவங்களும் குறைந்தது, பெண்கள் தாக்குதல் முற்றும்வரை காத்திராமல் மிக முன்னதாகவே விலகவும் மறுக்கவும் தொடங்கினார்கள் என்பதைச் சுட்டுகிறது. தற்காப்புக் கல்வியில் இதுவரை கிடைத்த சான்றுகளுள் வலுவானது இதுவே என்று துணிந்து கூறலாம்.

முன்னதாகச் செயல்படுவதைச் சட்டமும் அனுமதிக்கிறது என்பது பலர் அறியாதது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தனிமனிதத் தற்காப்பு உரிமையை வரையறுக்கின்றன. அவற்றுள் 40ஆம் பிரிவு, குற்றம் இன்னும் நிகழாவிட்டாலும், அதற்கான முயற்சியாலோ மிரட்டலாலோ உடலுக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் எழுந்த கணத்திலேயே உரிமை தொடங்குகிறது என்றும், அந்த அச்சம் நீடிக்கும்வரை உரிமையும் நீடிக்கிறது என்றும் கூறுகிறது. அதாவது முதல் அடி தன்மேல் விழும்வரை எவரும் காத்திருக்க வேண்டியதில்லை. காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யலாகாது என்பது 37ஆம் பிரிவின் எல்லை. எதிராளி விழுந்தபின்னும் ஓடியபின்னும் தொடரும் அடி தற்காப்பு ஆகாது. பயிற்சியாளர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்; சட்டம் தன்பக்கம் நிற்கிறது என்ற தெளிவும் கையின் தயக்கத்தைக் குறைக்கும்.

ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவியருக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி தரப்படுகிறது. சாவிக்கொத்து, துப்பட்டா, பை, பேனா, குறிப்பேடு ஆகிய அன்றாடப் பொருள்களை ஆயுதமாக்கப் பழக்குவது இதில் ஒரு பகுதி. நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்தப் பேனாவால் குத்தவேண்டிய ஆள் தன் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து தேநீர் அருந்தும் உறவினராக இருந்தால், எந்தச் சிறுமியின் கையும் உயராது. அவளுக்கு அந்த இடத்தில் வேண்டியது ஒரு வாக்கியம். 'மாமா, கையை எடுங்க, எனக்குப் பிடிக்கலை' என்பதை வகுப்பில் எழுந்து நின்று, உரத்த குரலில், மற்றவர்கள் பார்க்க, வெட்கம் விடும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகும் வாய்ப்பு. மூன்று மாதங்களில் சில மணி நேரத்தை இதற்கு ஒதுக்கப் புதிய கருவியோ பெரும் நிதியோ தேவைப்படாது. அதைச் சொல்லிவிட்டு அவள் ஓடிவந்து முறையிடும் ஆசிரியருக்கும் ஒரு பயிற்சி வேண்டும்: குறுக்கே கேள்வி கேட்காமல் கேட்டு முடிப்பது, பிறகு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவில் தம்மேல் சுமத்தியிருக்கும் கடமையின்படி, அன்றைக்கே காவல்துறைக்குத் தெரிவிப்பது.